ஓர் உரல், இரண்டு உலக்கை

பத்மாசினிக்கு ஊரைவிட்டு வெளியேறுகிற பாஸ் கிடைத்த இடத்தில் போன கிழமை நிறுத்தினோம். அந்தப் பாஸை அவள் எங்கே வைத்தாள் என்று கேட்டு மூன்று வாசகியர் கடிதம் போட்டிருக்கிறார்கள். வேறெங்கே வைப்பாள், பிள்ளையார் படத்துக்குப் பின்னால்தான். எங்கள் வீடுகளில் கூப்பன் மட்டையும் காணி உறுதியும் சாதகக் குறிப்பும் இருக்கிற அதே இடம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். அச்சுவேலியில் ஒரு வீடு. மூத்தவள் ஞானாம்பிகைக்கு நாற்பத்துமூன்று வயது. தாய் கண்மூடியபோது தங்கை பத்மாசினிக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அவளை வளர்த்தது அக்காதான். ஞானாம்பிகையின் கணவர் நமசிவாயம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத மனிதர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பத்மாசினிக்கு இப்போது இருபத்தொன்பது. கனடாவில் இருக்கிற குலேந்திரனுக்கு அவளை நிச்சயித்து ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி, எப்படியாவது கொழும்பு போய், அடுத்த புதன்கிழமை அவள் தூதரகத்து வாசலில் நிற்கவேண்டும். அந்த நாள் தவறினால் அடுத்த நாள் எப்போது என்று சொல்ல ஆளில்லை. இதெல்லாம் தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு வைகாசியில் நடக்கிறது.

இன்று திங்கட்கிழமை. தூள் இடிக்கிற நாள்.

வெளிநாட்டுக்குப் போகிற எங்கள் பெண்பிள்ளை தாலி கட்டாமல்கூடப் போவாள், மிளகாய்த்தூள் கட்டாமல் போகமாட்டாள். பத்மாசினியும் அப்படித்தான் போகப்போகிறாள். தாலி அங்கே, தூள் இங்கே.

விடிந்து கண்விழித்த ஞானாம்பிகை, கட்டிலில் எழும்பி இருந்தாள். அவ்வளவுதான் செய்தாள். அதற்கே யாரோ இரவு முழுக்கத் தோட்டம் கொத்தச் சொன்னதுபோல் உடம்பு ஓய்ந்து கிடந்தது. காலைத் தரையில் வைப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்று யோசித்தாள். ஒரு காலத்தில் நல்லூர்த் தேர் பார்த்துவிட்டு வந்த கையோடு, சேலைகூட மாற்றாமல் பன்னிரண்டு பேருக்குச் சமைத்த பெண் இவள். இப்போது தலை இழுத்து வாருவதற்கே இரண்டு தரம் இருந்து எழும்ப வேண்டியிருக்கிறது.

வந்தது வேறொன்றுமில்லை, அம்மை வருத்தம், கொப்புளிப்பான். மாசி மாதம் பத்மாசினி படிப்பிக்கிற நேசறிப் பள்ளிக்கூடத்துக்குள் அது புகுந்தது. பிள்ளைகளிடமிருந்து அவளுக்கு வந்தது; வேப்பிலை பரப்பி, பாயில் கிடத்தி, பக்கத்தில் இருந்து பார்த்தவள் அக்கா. தங்கை பதினைந்து நாளில் துள்ளி எழும்பிவிட்டாள். பிறகு அக்காவுக்கு வந்தது. வயது போய் வந்ததாலோ என்னவோ, வாட்டி எடுத்துவிட்டது. பங்குனிக் கடைசியில் மூன்றாம் தண்ணியும் வார்த்து, அம்மாளுக்குப் பொங்கிப் படைத்தாயிற்று.

இங்கேதான் சங்கடம். எங்கள் ஊர்க் கணக்கில் மூன்றாம் தண்ணியோடு வருத்தம் போய்விடும். அதற்குப் பிறகும் ஒருத்தி சுவரில் சாய்ந்துகொண்டு இருந்தால் அதற்கு வருத்தம் என்று பெயரில்லை. பஞ்சி என்று பெயர். புத்தகத்தில் சோம்பல் என்று எழுதுவார்களே, அதேதான், ஆனால் இன்னும் கொஞ்சம் சுடும்.

"இஞ்சேரும்," என்று நமசிவாயம் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ரண்டு குடமும் நிறைச்சு வைச்சிருக்கிறன். கிணத்தடிப் பக்கம் போகாதையும்."

"பத்மா கேட்டால்?"

"நான் குளிக்கேக்கை அள்ளினது எண்டு சொல்லும்."

"நீங்கள் இன்னும் குளிக்கேல்லையே."

மனிதர் தன் உலர்ந்த தலையைத் தடவிப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்கு அதுவும் ஒரு வேலைதான்.

விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவரே. இரண்டு கிழமைக்கு முன்னர், பத்மாசினி நேசறியில் இருந்த நேரம், மனைவியை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டொக்டரிடம் போனார். டொக்டர் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். "வருத்தம் போயிட்டுது அம்மா. ஆனால் உடம்புக்கு அது இன்னும் தெரியாது. ரண்டு மாதமும் செல்லும், ஆறு மாதமும் செல்லும். உங்களாலை எவ்வளவு ஏலுமோ, அதிலை பாதிதான் செய்யவேணும். களைச்ச பிறகு குந்தி இருக்கிறேல்லை, களைக்க முன்னம் இருக்கவேணும்," என்றார்.

திரும்பி வரும்போது சைக்கிள் கரியரில் இருந்தபடியே ஞானாம்பிகை கணவரிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். "பத்மாவுக்கு வாய் திறக்கக்கூடாது. தன்னாலைதான் எனக்கு வந்தது எண்டு நினைப்பாள். பிறகு அவளை வெளிக்கிடுத்த ஆராலையும் ஏலாது."

அன்று தொடங்கி அவள் களைக்க முன்னம் இருக்கப் பழகினாள். அடுப்படியில் ஒரு பலகை, கிணற்றடி வாழைக்குப் பின்னால் ஒரு கல், வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் கவிழ்த்துப் போட்ட பழைய வாளி. கீரை ஆய்வதுபோல் ஒன்றில் இருப்பாள், கோழிக்குத் தீன் போடுவதுபோல் இன்னொன்றில் இருப்பாள். குடத்தைப் பாதி நிரப்பித் தூக்குவாள். இவ்வளவு தந்திரமும் செய்து ஒரு மனுசி இளைப்பாற வேண்டியிருந்தது.

"தூளை மில்லிலை குடுப்பமே?" என்று நமசிவாயம் மெல்லக் கேட்டார்.

"மில் எங்கை ஓடுது? எண்ணெய் இல்லாமல் பூட்டி எவ்வளவு நாள்."

"அப்ப வேலிக்கு அங்காலை பாலேஸ்வரியக்காவைக் கூப்பிடுவம்."

"என்ரை பிள்ளைக்கு ஆரோ இடிச்ச தூளோ?" என்றாள் ஞானாம்பிகை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பத்மாசினி குளித்த தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு வந்தபோது, அக்கா அடுப்படிப் பலகையில் குந்தியிருந்து செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு மிளகாய் வறுத்து ஆறியிருக்கும்.

"அத்தான், பாருங்கோ. எங்கடை அக்காவுக்கு நல்லாப் பஞ்சி பிடிச்சிட்டுது. அம்மாளுக்குப் பொங்கினதிலை ஏதும் குறையோ தெரியேல்லை."

நமசிவாயம் இருமினார். ஞானாம்பிகை தலை நிமிராமல் சிரித்தாள்.

"ஓமடி, பஞ்சிதான். நீ போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு வா. தையல்காரி பத்து மணிக்குப் பூட்டிப்போடுவாள்."

தங்கையும் சந்தைப்பக்கம் போனாள், கணவரும் சங்கக்கடைக்குப் போனார். ஞானாம்பிகை தாச்சியை அடுப்பில் வைத்தாள். மல்லியை வறுத்தாள், இருந்தாள். மிளகும் சீரகமும் வறுத்தாள், இருந்தாள். இது வரைக்கும் டொக்டரின் சொல் தவறவில்லை. கடைசியாகச் செத்தலைப் போட்டு அகப்பையால் கிளறினாள். அடுப்புச் சூடு முகத்தில் இதமாக அடித்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தது. ஒருக்கால் கண்ணை மூடினால் என்ன?

மூடிய கண்ணுக்குள் வல்லை வெளி வந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டு. நெல்லியடியில் பத்மாவுக்குப் பேச்சுப்போட்டி. பஸ் போய்விட்டது. பதினாலு வயதுப் பிள்ளையைக் கரியரில் வைத்துக்கொண்டு ஞானாம்பிகை சைக்கிளில் ஏறினாள். வல்லை வெளியில் ஒரு மரம் கிடையாது, மறைப்புக் கிடையாது. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், எதிரே காற்று. பெரிய ஆம்பிளைகளே இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அக்கா, இறங்கி நடப்பமே?"

"நீ பேச்சைச் சொல்லிக்கொண்டு வா. உழக்கிறது நான்."

பிள்ளை காற்றுக்கு மேலே கத்திக் கத்திப் பேச்சைச் சொன்னாள். இவள் உழக்கினாள். சேலைத் தலைப்பு வாயில் வந்து அடித்தது. நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது, ஆனாலும் அந்தக் களைப்பு எவ்வளவு நல்ல களைப்பு. ஒரு மிடறு பச்சைத் தண்ணீர் குடித்தால் போய்விடுகிற களைப்பு. இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது காற்று முதுகுப் பக்கம் மாறிவிட்டது. உழக்காமலே வந்தார்கள். பத்மா பின்னால் இருந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தாள். உப்புக் காற்று மூக்கில் ஏறியது, கண் எரிந்தது, தொண்டை…

தொண்டை அடைத்து, இருமிக்கொண்டு ஞானாம்பிகை கண் விழித்தாள். அடுப்படி முழுக்கப் புகை. தாச்சியில் இரண்டு கிலோச் செத்தலும் கரிக்கட்டையாகக் கிடந்தது. மிளகாய் கருகின நெடி யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் ஒளிக்க முடியாத சங்கதி. வேலிக்கு அங்கால் பாலேஸ்வரியக்கா தும்முவது கேட்டது.

"பிள்ளை ஞானம், என்ன உது நெடி?"

"ஒண்டுமில்லையக்கா. பத்மாவுக்கு நாவூறு கழிச்சனான்."

"ரண்டு கிலோவிலையோ? என்னட்டைச் சொல்லுறாய். ஆனால் பிள்ளை, இந்த நெடி அடிச்சால் நாவூறு ஒண்டும் இல்லை எண்டுதான் அர்த்தம்."

மூன்று தும்மலோடு அவர் உள்ளே போய்விட்டார். ஞானாம்பிகை தாச்சியைப் பார்த்தபடி நின்றாள். பத்து வயதில் அகப்பை பிடித்த நாள் முதல் ஒரு மிளகாய் அவள் கையில் கருகியதில்லை. அழுகை வந்தது. அழுவதற்கும் பலம் வேண்டியிருந்தது, ஆகவே பலகையில் இருந்தாள்.

ஒழுங்கை முடக்கிலேயே நெடி பிடித்துக்கொண்டு பத்மாசினி ஓடி வந்தாள். சட்டைப் பார்சலை மேசையில் எறிந்துவிட்டு அடுப்படிக்குள் பாய்ந்தாள்.

"என்னக்கா நடந்தது?"

சொல்வதற்கு ஒரு சொல்தான் கைவசம் இருந்தது.

"கிண்டப் பஞ்சியாய் இருந்தது. விட்டிட்டன்."

பத்மாசினி கருகின தாச்சியைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"என்ரை தூளுக்கே பஞ்சி?"

"திரும்ப வறுப்பம்."

"வேண்டாம். நானும் இவ்வளவு நாளாய்ப் பார்க்கிறன். என்ரை பெட்டி அடுக்கப் பஞ்சி. கோயிலுக்கு என்னோடை வரப் பஞ்சி. இரவிலை வந்து ரண்டு வார்த்தை கதைக்கப் பஞ்சி, எட்டு மணிக்கே படுக்கை. நாலு நாளிலை போயிடுவன் அக்கா. எப்ப திரும்பி வருவன் எண்டு ஆருக்குத் தெரியும்? கெதியாய்ப் போய்த் துலைஞ்சால் காணும் எண்டு இருக்கோ உங்களுக்கு?"

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை காலில் விழுவாள். விழுந்தால் எழும்பமாட்டாள். ஞானாம்பிகை கருகின மிளகாயைச் சுளகில் கொட்டினாள்.

"நேரத்துக்குப் போனால் நல்லதுதானே," என்றாள்.

பத்மாசினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. அக்காவும் சாப்பிடவில்லை. போய் இரண்டு வார்த்தை சமாதானம் சொல்லலாம் என்று மூன்று தரம் நினைத்தாள். அறை வாசல் பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடிக்கு எழும்புகிற பலத்தை உலக்கைக்கு வைத்திருக்கவேண்டும் என்று நினைத்து இருந்துவிட்டாள். பாதி பாதியாகச் செலவழிக்கிற சீவியம் எவ்வளவு பொல்லாதது என்று பாருங்கள்.

இரண்டு மணிக்கு நமசிவாயம் வந்தார். விஷயம் சந்தை வரைக்கும் போயிருக்கவேண்டும், ஏனென்றால் அவர் கையில் ஒரு பை நிறையச் செத்தல் இருந்தது. குந்தியிருந்து காம்பு கிள்ளத் தொடங்கினார். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்த பத்மாசினி, தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்தாள். இந்த முறை வறுத்தவள் அவள். பதமாகத்தான் வறுத்தாள். அக்காவின் கை அவளுக்கு அப்படியே வந்திருந்தது.

நாலு மணிக்கு உரலைக் கோடிப்பக்கத்து மாமர நிழலுக்கு உருட்டினார்கள்.

அந்த வீட்டில் ஒரு பெரிய உலக்கையும் ஒரு சின்ன உலக்கையும் இருந்தன. சின்னது, அக்காவோடு சேர்ந்து இடிக்கவேண்டும் என்று எட்டு வயதுப் பத்மா அடம்பிடித்தபோது அப்பா தச்சனிடம் சொல்லிச் செய்வித்தது. ஓர் உரலில் இரண்டு உலக்கை போடுவதென்றால் கணக்குத் தவறக்கூடாது. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறவேண்டும். தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும், கை தெறிக்கும். அக்கா எண்ணிக்கொண்டே குத்துவாள், தங்கை அந்த எண்ணுக்குக் குத்துவாள். நூறு வந்ததும் அள்ளிப் புரட்டுவார்கள். பிறகு பத்மா வளர்ந்து, இரண்டு பேருமே பெரிய உலக்கை பிடிக்கிற ஆட்களாகிவிட்டார்கள். பாலேஸ்வரியக்கா வீட்டிலிருந்து ஒன்று இரவல் வாங்குவார்கள். இருபது வருடமாகத் தைப்பொங்கலுக்கு மா, வருசப்பிறப்புக்குப் பயறு, எல்லாம் அப்படித்தான். உயிரோடு இருந்த காலத்தில் அப்பா விறாந்தையில் இருந்து, "ரண்டு பேர் எண்டு சொல்லேலாது, ஒரு ஆள் இடிக்கிறமாதிரிக் கேக்குது," என்பார். அந்தச் சத்தத்தில் அவர் மத்தியானம் கண்ணயர்ந்துவிடுவார்.

இன்றைக்கு ஞானாம்பிகை போய்ச் சின்ன உலக்கையை எடுத்தாள்.

"அதேன்?" என்றாள் பத்மாசினி. காலைக்குப் பிறகு அவள் அக்காவோடு பேசிய முதல் சொல் அது.

"பெரிசைத் தூக்கப் பஞ்சி."

பத்மாசினி உதட்டைக் கடித்துக்கொண்டு பெரிய உலக்கையை எடுத்தாள். தொடங்கினார்கள். தொம், தொம். ஞானாம்பிகை எண்ணினாள். பத்து வரைக்கும் கணக்கு நின்றது. இருபதில் அவள் உலக்கை கொஞ்சம் பிந்தி விழுந்தது. இருபத்தாறில் உரல் விளிம்பில் பட்டது. இருபத்தொன்பதில் இரண்டு உலக்கையும் மோதி, சின்னது கையை விட்டுப் பறந்து மாமரத்தடியில் போய் விழுந்தது.

"வழுக்கிப்போட்டுது," என்றாள் ஞானாம்பிகை. அதை எடுக்கப் போகவில்லை. இரண்டு கையையும் சேலைக்குள் ஒளித்தாள்.

பத்மாசினி போய் எடுத்து வந்தாள். நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அக்காவை உற்றுப் பார்த்தாள். இருபது வருடம் எதிரெதிரே நின்று இடித்தவளுக்கு, எதிர் உலக்கையின் வலு தன் கையிலேயே தெரியும். இது எறிந்த உலக்கை இல்லை. தூக்க முடியாமல் விட்ட உலக்கை.

"அக்கா, கையைக் காட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"காட்டுங்கோ."

சேலைக்குள்ளிருந்து வந்த கை நடுங்கியது. பத்மாசினி அதைப் பிடித்தாள். பிடித்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.

"டொக்டர் பாதிதான் எண்டவர்," என்றார் நமசிவாயம். சுளகைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "நான் சத்தியம் பண்ணினனான். அதுக்காக இதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலுமே?"

"எந்த டொக்டர்? எப்ப போனனீங்கள்?"

பத்மாசினியின் கண் அடுப்படிப் பலகைக்குப் போனது, வாழைக்குப் பின்னால் இருந்த கல்லுக்குப் போனது, கவிழ்ந்து கிடந்த வாளிக்குப் போனது. காலையில் உலர்ந்த தலையோடு நின்ற அத்தான், நிறைந்திருந்த குடங்கள், எட்டு மணிப் படுக்கை. ஒவ்வொன்றாக எல்லாம் கூடி வந்தன.

"என்னட்டையிருந்து வந்ததெல்லே," என்றாள். "என்னைப் பார்க்கப்போய் வந்த வருத்தம். நான் உங்களைப் பஞ்சி எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். ஏனக்கா சொல்லேல்லை?"

ஞானாம்பிகை உரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இருந்தாள். இனி ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"ஏலாதடி," என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கணவரும் கேட்டதில்லை, தங்கையும் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினதுபோல் இருந்தது. இரண்டாம் தரமும் சொன்னாள்.

"ஒண்டுக்கும் ஏலாமல் கிடக்கு பத்மா. ஏலாது எண்டு சொன்னால் நீ நிப்பாய். பஞ்சி எண்டு சொன்னால் ஏசிப்போட்டெண்டாலும் போவாய். அதுதான் பஞ்சி எண்டே இருக்கட்டும் எண்டு விட்டனான்."

பத்மாசினி பக்கத்தில் குந்தி, அக்காவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நமசிவாயம் எழும்பிப் போய் அடுப்படிப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் மனைவியைத் தூக்கி இருத்தினார். ஒளிக்காமல், பகிரங்கமாக அவள் குந்துகிற முதல் இருக்கை அது.

நிழல் நீண்டுகொண்டு போனது. வறுத்ததை அப்படியே விட்டால் வாசம் போய்விடும். பத்மாசினி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். தாவணிக்காலத்தில் செய்ததுபோல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெரிய உலக்கையை எடுத்தாள்.

"நீங்கள் எண்ணுங்கோ," என்றாள். "உழக்கிறது நான்."

வல்லை வெளி அவளுக்கும் மறக்கவில்லை.

ஞானாம்பிகை எண்ணத் தொடங்கினாள். ஒற்றை உலக்கைச் சத்தம் அந்த வளவுக்குப் புதிது; ஒவ்வொரு குத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி கிடந்தது. ஆனாலும் தங்கையின் கை உரமாகத்தான் விழுந்தது. தூள் வாசம் எழும்பியது. பதினைந்து, பதினாறு. இருபது வருடத்துக்கு முந்தி, சின்ன உலக்கையோடு நின்ற பிள்ளைக்கு எண்ணிய அதே குரலில் எண்ணினாள். முப்பது தாண்டியதும் நிறுத்தாமல், எண்ணுகிற ராகத்திலேயே சொன்னாள்.

"முப்பத்தஞ்சு. தூள் ஆறினதும் ரின்னிலை அடைச்சு மெழுகு ஊத்தவேணும். முப்பத்தாறு. பிள்ளையார் படத்துக்குப் பின்னாலை கிடக்கிறதை எடுத்து இண்டைக்கே உன்ரை கைப்பையிலை வை. முப்பத்தேழு. நான் பார்த்துக்கொண்டிருக்க வை. முப்பத்தெட்டு."

உலக்கை மேலே போனது.

"முப்பத்தொன்பது," என்றாள் ஞானாம்பிகை.

உலக்கை இறங்கவில்லை.